சர்க்கஸும் பார்த்தோம், விடியும்வரை தீயும் பார்த்தோம்

இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஊட்டி, கிடைக்காவிட்டால் மருதமலை. கோவைக்காரர்களான எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அதனால் 2024 பிப்ரவரியில் என் தங்கை போன் செய்து, "அக்கா, ரெண்டாவது சனி ஞாயிறு தலச்சேரிக்கு வாங்க. கண்ணூர்ல சர்க்கஸ் வந்திருக்கு. அன்னைக்கு ராத்திரியே ஒரு காவுல தீச்சாமுண்டி தெய்யம். ரெண்டையும் ஒரே ராத்திரியில பார்த்துடலாம்" என்றபோது, பிள்ளைகள் குதித்தார்கள். என் வீட்டுக்காரர் உடனே ப்ளாஸ்க்கைத் தேட ஆரம்பித்துவிட்டார். பயணம் என்றால் அவருக்கு முதலில் ப்ளாஸ்க், அப்புறம்தான் பெண்டாட்டி பிள்ளைகள்.

எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. தீயைப் பார்க்க வா என்று கூப்பிடுகிறவள் யார்? என் தங்கை.

சொல்ல வேண்டிய விஷயம் இது. 1997-ல் எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினாறு. வீட்டில் பம்ப் ஸ்டவ்தான். ஒரு சாயங்காலம் நான் திண்ணையில் உட்கார்ந்து தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். அம்மா காபிக்கு ஸ்டவ் பற்றவைக்கச் சொன்னது என்னை. நான் தலையைத் தூக்காமலே, "நீ போய்ப் பத்த வைடி" என்று தங்கையை அனுப்பினேன். அவள் பம்ப் அடித்தாள், குப்பென்று பிடித்துக்கொண்டது. நைலக்ஸ் தாவணி. வலது கை முழங்கைக்கு மேல்வரை வெந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பினார். அதைச் சுரண்டி எடுப்பதற்கே ஆஸ்பத்திரியில் அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுத வேண்டாம்.

இன்றைக்கும் அவள் முக்கால் கை ரவிக்கைதான் போடுவாள். சமையல் எல்லாம் இண்டக்ஷன் அடுப்பில். காஸ் அடுப்பு வீட்டில் இருக்கிறது, ஆனால் காலையில் காபிக்காக அவள் வீட்டுக்காரர் பற்றவைப்பதோடு சரி. கார்த்திகைக்குக்கூட அவர்தான் விளக்கேற்றுவார். "எங்க வீட்டுல எல்லாம் உண்டுங்க, சுட்ட அப்பளம் மட்டும் கிடையாது" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை தை அமாவாசைப் படையலை முடித்து, மறுநாள் விடிகாலை மங்களூர் ரயிலைப் பிடித்தோம். பாலக்காட்டைத் தாண்டியதுமே நம் ஊர்ப் பொட்டல் மறைந்து எங்கே பார்த்தாலும் பச்சை. ஷொரனூருக்கு அப்புறம் பாரதப்புழை கூடவே வருகிறது. புழை என்கிறார்களே தவிர, அந்த மாசத்தில் பெரும்பாலும் மணல்தான். கோழிக்கோடு, வடகரை, அப்புறம் மாகி. மாகி நம் பாண்டிச்சேரியைச் சேர்ந்த துண்டு நிலம். ரயில் அதைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். அதைத் தாண்டினால் தலச்சேரி.

தலச்சேரிக்கு மூன்று பெருமை என்று அந்த ஊர்க்காரர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள்: கிரிக்கெட், கேக், சர்க்கஸ். இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக்கை முதலில் செய்தது இங்கேதான், 1883-ல், மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் என்கிறார்கள். கிரிக்கெட்டைப் பற்றி என் பையனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கஸைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் சர்க்கஸே தங்கை வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தது.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் 'அம்மம்மா' என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வெள்ளை முண்டும் ஜாக்கெட்டுமாக, மெலிந்த தேகம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார் பாருங்கள், கையைத் தரையில் ஊன்றாமல், நேரே! எனக்கு நாற்பத்தாறு வயது, சுவரைப் பிடிக்காமல் என்னால் எழுந்திருக்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் 'பார்' விளையாடியவராம். நாம் சர்க்கஸில் அண்ணாந்து பார்ப்போமே, ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுவது, அது.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1880-ல் விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர் இந்தியாவின் முதல் சர்க்கஸ் கம்பெனியை ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி தலச்சேரிக்கு வந்தபோது, கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி வாத்தியாரைப் பார்த்தார் சத்ரே. குஞ்ஞிக்கண்ணன் களரி படித்தவர், இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கசரத் சொல்லிக்கொடுத்தவர். 'என் கம்பெனிக்கு ஆள் தயார் செய்து கொடு' என்று சத்ரே கேட்க, 1901-ல் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளிக்கூடமே ஆரம்பித்தார் வாத்தியார். அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு கம்பெனி தொடங்கினார்கள். ஜெமினி சர்க்கஸை நடத்திய ஜெமினி சங்கரனும் இந்தப் பக்கத்துக்காரர்தான். 1951-ல் ஆரம்பித்து, ராஜ்கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்' படம்வரை பெயர் வாங்கி, 2023 ஏப்ரலில் தமது 99-வது வயதில் காலமானார். ஒரு காலத்தில் இந்தியாவில் எந்த ஊரில் கூடாரம் போட்டாலும் உள்ளே தலச்சேரி மலையாளம் கேட்குமாம்.

அம்மம்மா தமது உள்ளங்கையை நீட்டி என் பெண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரல்களின் அடியில் காய்த்துப்போன மேடு. சர்க்கஸை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அது கரையவில்லை. என் பெண்ணுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் சேர வேண்டும் என்று ஒரு வருஷமாக நச்சரிக்கிறாள். "பொட்டைப் பிள்ளை கை காலை ஒடிச்சுக்கிட்டா?" என்று என் மாமியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தடுத்து வைத்திருந்தோம். அதனால், "பாட்டி, எத்தனை வயசுல கத்துக்கிட்டீங்க?" என்று அவள் கேட்டதும் எனக்குத் திக்கென்றது.

"ஏழு வயசுல" என்றார் அம்மம்மா. அவருக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது. மதுரை, சேலம், திருச்சி எல்லாம் கூடாரத்தோடு சுற்றியவர். "வீட்டுல சோறு இல்ல. அங்க சோறு உண்டு. அதனால போனேன். சின்னதிலே வளைச்சாத்தான் உடம்பு வளையும்னு சொல்லுவாங்க. நிஜம்தான். ஆனா என் பேத்தியை நான் அனுப்பலை." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப சட்டமும் விடாது" என்றார். 2011-ல் சுப்ரீம் கோர்ட், சர்க்கஸில் குழந்தைகளை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டதைச் சொன்னார். அப்புறம் என் பெண்ணின் முதுகில் தட்டி, "உனக்கு இஷ்டம்னா ஸ்கூல்ல படி மோளே. மெத்தை போட்டுச் சொல்லித் தருவாங்கல்ல? எங்களுக்கு மண்ணுதான்" என்றார். மாமியாருக்கும் எனக்கும் சேர்த்துப் பதில் வந்துவிட்டது.

சாயங்காலம் ஏழு மணி ஆட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு கண்ணூருக்குப் போனோம். இருபது கிலோமீட்டர்தான். மைதானத்தில் கூடாரம், வாசலில் கலர் பல்பு, மரத்தூள் வாசனை. ஆளுக்கு 150 ரூபாய் டிக்கெட். நம் சின்ன வயசில் பார்த்த சர்க்கஸை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1998-ல் புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வைத்து வித்தை காட்டத் தடை வந்து, 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது சரிதான் என்று சொல்லிவிட்டது. யானையும் போய்விட்டது. என் பையனுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. கூண்டுக்குள் அந்தப் புலி படுத்திருந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

மிருகம் போனபின் மனுஷர்கள்தான் முழுக்கச் சுமக்கிறார்கள். ஆடுகிற பெண்கள் முக்கால்வாசி நேபாளம், அஸ்ஸாம், வங்காளத்துப் பிள்ளைகள். தலச்சேரிக்காரர்கள் இப்போது உள்ளே அபூர்வம். இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் தலைகீழாகச் சுற்றியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், கேட்டால் புகை என்கிறார். ஒரு பையன் இரண்டு கையிலும் தீப்பந்தம் சுழற்றி, வாயில் எண்ணெயை வைத்து ஊதினான். புஸ்ஸென்று ஆளுயரத்துக்கு நெருப்பு. முன்வரிசையில் இருந்த எங்கள் முகத்திலேயே சூடு அடித்தது.

நான் தீயைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தேன். மடியில் இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாமா?" என்று கேட்டேன். "காசு குடுத்திருக்கோம்ல, உட்காரு" என்றாள்.

கடைசியில் பார் விளையாட்டு. எல்லாரும் தாவுகிறவளைப் பார்த்து வாய் பிளக்கிறோம். அம்மம்மாவின் கண் மட்டும் எதிர் ஊஞ்சலில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்குகிறவன்மேலேயே இருந்தது. "அவன்தான் காட்சர். பறக்கறவ கை நீட்டினாப் போதும், பிடிக்க வேண்டியது அவன். கை வழுக்கினா உலகம் அவளைத்தான் பாவம்னு சொல்லும். ராத்திரி தூக்கம் வராதது அவனுக்கு" என்றார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. விழுந்தால் வலையில் மல்லாக்க விழ வேண்டுமாம், குப்புற விழுந்தால் கழுத்து போய்விடும் என்றும் சொன்னார்.

ஓட்டலில் புரோட்டாவும் கடலைக் கறியும் முடித்து, காரிலேயே ஒரு தூக்கம் போட்டு, நடு ராத்திரி தாண்டிக் காவுக்குக் கிளம்பினோம். கண்ணூரிலிருந்து உள்ளே இருபத்தைந்து கிலோமீட்டர். ஒரு தறவாட்டு வீட்டின் சொந்தக் காவு.

தெய்யத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வட மலபாரில், துலா மாசம் பத்தாம் தேதி, அதாவது நமக்கு ஐப்பசி, அக்டோபர் கடைசியில் தொடங்கி மே மாசக் கடைசிவரை காவுகளில் நடக்கும் வழிபாடு இது. நூற்றுக்கணக்கான தெய்யங்கள் உண்டு. கோலம் கட்டுகிறவர்கள் வண்ணான், மலையன், புலையன் போன்ற சமூகத்தார். வருஷம் முழுக்க யாரைத் தள்ளி நிற்கச் சொன்னார்களோ, அவரையே அன்றைக்குத் தெய்வமென்று கும்பிட வேண்டும். பல நாள் விரதம் இருந்து, தோற்றம் பாட்டுப் பாடி, மணிக்கணக்கில் முகத்தில் எழுதி, கடைசியில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் ஆள் மாறிவிடுகிறார். அப்புறம் அவர் தெய்வம். சர்க்கஸ்போல டிக்கெட், கைதட்டல் எல்லாம் கிடையாது. போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பருத்திப் புடவை கட்டிக்கொண்டு போங்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை என்றால் செண்டைச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைப்பது நல்லது.

வழியில் காரில் அம்மம்மா முச்சிலோட்டு பகவதியின் கதை சொன்னார். பெரிஞ்செல்லூரில், இப்போது தளிப்பறம்பு, ஒரு பிராமணப் பெண். படித்த பண்டிதர்களை வாதத்தில் வென்றுவிட்டாள். 'வேதனையில் பெரிய வேதனை எது?' என்று கேட்டார்கள், 'பிரசவ வேதனை' என்றாள். 'சுகத்தில் பெரிய சுகம் எது?' அதற்கும் ஒளிக்காமல் பதில் சொன்னாள். 'கல்யாணமாகாத உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்று கேட்டு ஊரைவிட்டு விலக்கிவைத்துவிட்டார்கள். அவள் தீ மூட்டி இறங்கினாள். அந்த வழியாக எண்ணெய் கொண்டுபோன வாணியன் ஒருவனிடம் எண்ணெயைத் தீயில் ஊற்றச் சொன்னாள், ஊற்றினான். பிறகு அவன் வீட்டுத் தெய்வமாகவே ஆகிவிட்டாள்.

"தோத்துட்டா ஒத்துக்க மாட்டாங்களா, இப்படித்தான் வாயை அடைப்பாங்களா?" என்றாள் என் பெண். காரில் இருந்த ஆண்கள் இருவரும் ரோட்டைக் கவனித்தார்கள்.

காவில் நாங்கள் இறங்கியபோது, சாயங்காலமே மூட்டிய விறகு எரிந்து அடங்கி, கங்கு மட்டும் ஆளுயரத்துக்கு மலையாகக் குவிந்து கிடந்தது. பத்தடி தள்ளி நிற்க முடியவில்லை, முழங்கால் சுடுகிறது. பெண்கள் ஒரு பக்கமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்த் திருவிழா மாதிரியேதான். தூங்கும் குழந்தைகள், டிபன் டப்பா, 'உங்க பொண்ணு என்ன படிக்குது' என்ற பேச்சு.

முதலில் பொட்டன் தெய்யம். இடுப்பைச் சுற்றிக் குருத்தோலை, முகத்துக்குப் பாக்குப் பாளையில் எழுதிய முகமூடி. ஆதிசங்கரர் போகும் வழியில் சிவபெருமான் சண்டாளனாக வந்து மறித்த கதைதான் இது. விலகிப் போ என்றவரிடம், எதை விலக்கச் சொல்கிறீர், உம்மை வெட்டினாலும் என்னை வெட்டினாலும் வருவது ஒரே ரத்தம்தானே என்று கேட்டாராம். பொட்டன் கிண்டலும் கேலியுமாகப் பேச, கூட்டம் சிரிக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே போய் அந்தக் கங்கின்மேல் சாய்ந்து படுத்துக்கொண்டார். திண்ணையில் படுப்பதுபோல! குளிருகிறதே என்றும் சொல்கிறார். என் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் தீச்சாமுண்டி. ஒற்றைக்கோலம் என்றும் சொல்வார்கள். பெயரில் சாமுண்டி இருந்தாலும் இவர் விஷ்ணு. இரணியனைக் கொன்ற நரசிம்மரைத் தேவர்கள் எல்லாரும் போற்ற, அக்கினி மட்டும் அலட்சியம் செய்தானாம். அவன் கர்வத்தை அடக்கத் தீயிலேயே விழுந்து எழுகிறார். செண்டை உச்சத்துக்குப் போனது. உடம்பெல்லாம் குருத்தோலையோடு ஓடிவந்து கங்குமலையின்மேல் தொப்பென்று விழுகிறார். பொறி மரத்துக்குமேல் பறக்கிறது. பின்னால் நிற்கிற ஆட்கள் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். இழுத்ததும் மறுபடி ஓட்டம், மறுபடி விழுகிறார். நூறு தடவைக்குமேல் விழுவதும் உண்டாம். நாற்பத்து மூன்றுவரை எண்ணினேன், அதற்குமேல் முடியவில்லை. என் கண் அந்த இழுக்கிறவர்களிடமே போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு முகத்தில் வர்ணம் இல்லை, கிரீடம் இல்லை. ஒரு நொடி தாமதித்தால் போயிற்று.

எப்படி வேகாமல் இருக்கிறது என்று நீங்களும் கேட்பீர்கள். கரிக்கங்கு பார்க்கத்தான் பயங்கரம், இரும்பைப்போல் சட்டென்று சூட்டைக் கடத்தாது. மேலே சாம்பலும் படிந்திருக்கும். தொடுவது ஒரு நொடி, அதற்குள் இழுத்துவிடுகிறார்கள். பச்சைக் குருத்தோலையில் ஈரம் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் சில சமயம் வெந்துவிடுவதும் உண்டு. அதை நான் அங்கேயே தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் குடிக்கக் காவின் பின்பக்கம் போனபோது, பலாமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயசு இருக்கும். மடியில் சின்னப் பையன் தூங்குகிறான். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், துவைத்து மடித்த வெள்ளைத் துணி. தீ இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டன் சாயா கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் மெல்ல என்னிடம் சொன்னார், கோலம் கட்டியிருப்பவரின் மனைவியாம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தீயில் விழுவதை அவள் பார்த்ததில்லையாம். செண்டையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தத் தாளத்தில் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அவரும் விரதம் தொடங்கியதும் வீட்டோடு அதிகம் பேசுவதில்லையாம்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாளியைக் காட்டி ஏதோ கேட்டேன். பச்சைத் தண்ணீர்தான் என்றாள். பெரியவர்கள் எண்ணெய் என்பார்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் தண்ணீர் போதும் என்று சொல்லிக்கொடுத்தாளாம். சரியான வார்த்தை. சகோதரிகளே, கை சுட்டுக்கொண்டால் இங்க், பேஸ்ட், இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிஷம் தண்ணீரில் பிடியுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குமுன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போங்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

எப்போது வந்தாளோ, தங்கை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் கட்டன் சாயாவை வாங்கிக்கொண்டு மதில் ஓரமாக உட்கார்ந்தோம். செண்டைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியமோ என்னவோ, "அன்னைக்கு அம்மா என்னைத்தான் ஸ்டவ் பத்த வைக்கச் சொன்னாங்க. நான்தான் உன்னை அனுப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அம்மா உன் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டாங்க. எனக்கென்ன காது இல்லையா?" சாயாவை ஊதிக் குடித்தாள். "ரொம்ப நாள் உம்மேல கோவமா இருந்துச்சு. நெஜமாவே. பொண்ணு பார்க்க வந்தவங்க கையைப் பார்த்துட்டுப் போனப்ப எல்லாம் இருந்துச்சு. அப்புறம் பையன் பொறந்ததுக்கு அப்புறம் எங்கியோ போயிருச்சு. நீ கேக்கவே மாட்டேங்கறியேன்னுதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கோபம் இருந்ததே இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

வெளுக்கும் நேரத்துக்கு ஆட்டம் முடிந்தது. தெய்யம் பீடத்தில் அமர, எல்லாரும் வரிசையாகப் போய்க் குறை சொல்கிறார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, கிணற்றில் தண்ணீர். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, நிதானமாகக் கேட்டு, மஞ்சள்பொடி கொடுக்கிறார். தங்கை போய் நின்றாள். வலது கையை நீட்டினாள். முக்கால் கை ரவிக்கைதான், ஆனாலும் மணிக்கட்டுக்குமேல் சுருங்கிய தோல் தெரியும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கையிலும் அங்கங்கே பழைய தழும்பு. மலையாளத்தில் நீளமாக என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டதற்கு, "அதை உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிப் பகல் தூக்கத்தில் போயிற்று. மத்தியானம் தலச்சேரி பிரியாணி. பாசுமதி இல்லை, சீரகச்சம்பா மாதிரிக் குட்டி அரிசி. காரம் குறைவு, வாசனை அதிகம். சாயங்காலம் 1708-ல் வெள்ளைக்காரன் கட்டிய கோட்டையை ஓட்டமாகப் பார்த்தோம். செம்புறாங்கல் சுவர், ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். அதைவிட நேந்திரம்பழத்தில் தேங்காய்ப்பூரணம் வைத்துப் பொரிக்கும் உன்னக்காயை நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டேன். பழம் நன்றாகப் பழுக்காமல், செங்காயாக இருக்க வேண்டும். ஆவியில் வேகவைத்து மசித்துச் செய்தால் எண்ணெய் குடிக்காது.

கிளம்பும்போது அம்மம்மா வாசல்வரை வந்தார். என் பெண்ணின் தோளை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா வளையும்" என்று என்னிடம் சொன்னார். ஊருக்குப் போனதும் பள்ளிக்கூடத்தில் பாரம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாமியார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ரயிலில் பையன் மேல் பெர்த்துக் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்க, டிக்கெட் பரிசோதகர் வந்து இறக்கிவிட்டார். ஷொரனூர் தாண்டிப் பசி எடுத்தது. தங்கை கட்டிக்கொடுத்த பையைப் பிரித்தேன். புளிசாதம், ஒரு டப்பாவில் மாங்காய். அடியில் செய்தித்தாளில் சுற்றிய அப்பளம். பொரித்தது இல்லை, சுட்டது. ஆறு அப்பளத்தில் இரண்டு ஒரு பக்கம் நன்றாகவே கருகியிருந்தன. அவள் வீட்டுக்காரருக்கு அப்பளம் சுடத் தெரியும். கீழ்வீட்டு அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்கும். யார் சுட்டது என்று நான் போன் செய்து கேட்கவில்லை.

கருகாததையெல்லாம் பையன் எடுத்துக்கொண்டான். கருகின இரண்டையும் நானும் என் பெண்ணும் ஆளுக்கொன்றாகத் தின்றோம்.